கை படாத சாப்பாடு

வேலணை கிழக்கு,
12.10.1975

பரராசசிங்கத்தின் பெண்சாதி அறிவது,

இங்கே நான் ஒருத்திதான். சுகமாக இருக்கிறேன்.

போன மாதம் தம்பி கடிதம் போட்டிருந்தான். பெற்றவளுக்கு வருஷத்துக்கு ஒன்று போடுகிறவன் நேரத்தோடு போட்டிருக்கிறானே என்று பயந்துபோய்த்தான் உடைத்தேன். "அம்மா, நீங்கள் வந்து எங்களோடை நிண்டு பிள்ளையைப் பாக்கவேணும், மேரிறோஸ் திரும்ப இரவு வேலைக்குப் போகப்போறா" என்று இருந்தது. அதற்கு மேல் ஒரு வரி இல்லை. அவனுக்குப் பதில் எழுதிப் பயனில்லை, வாசித்துவிட்டு எங்காவது போட்டுவிடுவான். அதனால் உமக்கே எழுதுகிறேன். நீர் நேர்ஸ் வேலை பார்க்கிறவர், சொன்னால் விளங்கிக்கொள்வீர்.

நான் அங்கே வந்தால் எதைத் தின்பது?

மீன், இறைச்சி என்று ஒரு மச்சமும் நான் பிறந்ததிலிருந்து தொட்டதில்லை. முட்டையும் எங்களுக்கு மச்சம்தான். பாலும் தொடுவதில்லை. தயிர், மோர், வெண்ணெய், நெய் ஒன்றுமில்லை. காரணத்தைத் தம்பி உமக்குச் சொல்லியிருக்கமாட்டான். ஐம்பத்தெட்டாம் ஆண்டு இனக்கலவரத்தில் அவனும் தகப்பனும் தெற்கே எங்கள் கடையில் அகப்பட்டுக்கொண்டார்கள். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. கடை எரிந்தது என்று செய்தி வந்தது, ஆட்களைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை. நயினாதீவுக்குப் போய் அம்மாளின் கோயில் வாசலில் விழுந்து, "இரண்டு பேரையும் திருப்பித் தா, இனிமேல் பால் உனக்கு, எனக்கில்லை" என்று நேர்ந்தேன். இரண்டு பேரும் கப்பலில் வந்து இறங்கினார்கள். அன்றோடு விட்டதுதான். அவர் கண்ணை மூடிய பிறகும் நான் அந்த நேர்த்தியை விடவில்லை.

இங்கே கூட்டுறவுச் சங்கக்கடையில் சீனி இல்லை. பேக்கரியில் பாணுக்கு விடிய முதலே வரிசை. ஆனாலும் வளவில் முருங்கையும் மரவள்ளியும் நிற்கிறபடியால் நான் பட்டினி கிடக்கவில்லை. மாட்டையும் பன்றியையும் தின்கிற ஊரில், குளிருக்குள், எனக்கு யார் என்ன தரப்போகிறார்கள்? வர ஏலாது என்று தம்பியிடம் சொல்லும்.

இப்படிக்கு,
க. செல்லாச்சி


லண்டன்,
9.11.1975

அன்புள்ள மாமிக்கு,

மாமி என்று எழுத எனக்கு உரிமை இருக்கிறதோ தெரியாது. வேறு எப்படி எழுதுவது என்றும் தெரியவில்லை. கலியாணம் முடிந்து இரண்டு வருஷமாகிறது, உங்களிடமிருந்து எனக்கு வந்த முதற் கடிதம் இது. அதில் என் பெயர் இல்லாவிட்டால் என்ன, என் கைக்குத்தானே வந்தது. ஊர்காவற்றுறையில் என் அப்பாவும் அண்ணைமாரும், கத்தோலிக்க வீட்டில் பிறந்து சைவப் பிள்ளையைக் கட்டினேன் என்று எழுதுவதையே விட்டுவிட்டார்கள். அம்மா இருந்திருந்தால் ஒளித்தாவது எழுதியிருப்பா. நீங்களாவது கோபத்தோடு எழுதுகிறீர்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "அம்மா வரமாட்டன் எண்டு சொல்லுறா, அவ்வளவுதான். நீர் விடும்" என்றார். எனக்கு அப்படிப் படவில்லை. கேள்வி கேட்டால் பதில் சொல்லவேண்டும் என்று கன்னியாஸ்திரிமார் அடித்துப் பழக்கியிருக்கிறார்கள்.

தெரு முனையில் ஒரு சுப்பர்மார்க்கற் இருக்கிறது. நாங்களே கூடையை எடுத்து, தட்டுத் தட்டாகப் பார்த்து, வேண்டியதை அள்ளிக்கொண்டு வாசலில் காசு கொடுக்கவேண்டும். இரவு வேலை முடிந்து நான் வர, இவர் பிள்ளையை என்னிடம் தந்துவிட்டு வேலைக்கு ஓடுவார். நான் மனோகரியைத் தள்ளுவண்டியில் வைத்துக்கொண்டு அங்கே போகிறேன். அவள் மத்தியானம் தூங்குகிற நேரம்தான் என் தூக்கம்.

எந்தப் பெட்டியிலும் உள்ளே என்ன கிடக்கிறது என்று பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள். இத்தனை நாளும் நான் அதை வாசித்ததில்லை. இப்போது உங்களுக்காக வாசிக்கப்போய்க் கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. பாணில் பன்றிக் கொழுப்பு. மரக்கறிச் சூப் என்று கரட்டும் லீக்சும் படம் போட்ட தகரப் பேணியில் மாட்டிறைச்சிச் சாறு. வெண்ணெய் கூடாதே என்று மாஜரீனை எடுத்தால் அதில் மீன் எண்ணெய்! எங்கள் ஊர் மீன்காரர் கேள்விப்பட்டால் சிரிப்பார்கள்.

ஆனாலும் வெறுங்கையோடு திரும்பவில்லை. சூப்புக்குப் போடவென்று மைசூர்ப் பருப்பை இங்கே பெட்டியில் விற்கிறார்கள். கேக் செய்கிற சாமான்களுக்குப் பக்கத்தில் காய்ந்த தேங்காய்ப்பூப் பக்கற் இருந்தது. அதைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டுப் பிழிந்தேன், பால் வந்தது மாமி! முதற்பால் என்று சொல்ல ஏலாது, இரண்டாம் பால் என்று சொல்லலாம். அரிசிமா இருக்கிறது, வெள்ளைக்காரர் அதைப் பாலில் கிண்டி இனிப்புப் போட்டுத் தின்கிறார்கள், நாங்கள் பிட்டு அவிக்கலாம். ரவையும் இருக்கிறது. நீங்கள் வந்தால் நான் இவற்றை வைத்து வாய்க்கு ருசியாகச் சமைத்துத் தருவேன்.

பிள்ளைக்கு இரண்டு பல் வந்துவிட்டது.

அன்புடன்,
மேரிறோஸ்


வேலணை கிழக்கு,
14.12.1975

பிள்ளைக்கு,

உமது கடிதம் கிடைத்தது. தேங்காய்ப்பூவைப் பிழிந்ததை வாசித்தேன். கெட்டிக்காரிதான்.

ஆனால் நீர் விளங்காதவர்போல் எழுதுகிறீர். தம்பிக்கு விளங்கியது உமக்கு விளங்கவில்லை. அப்படியென்றால் நான் வெளிச்சமாகவே சொல்லவேணும். மனதில் ஒன்றை வைத்துக்கொண்டு வேறொன்றைக் கதைக்க எனக்குத் தெரியாது.

உமது குசினியில் மீன் காய்ச்சுகிறீர்கள். மீன் காய்ச்சின சட்டியில் எனக்குப் பருப்பு வேகாது. சட்டி ஒன்றுதானே, புதிதாக வாங்கலாம் என்பீர். சட்டியை வாங்கலாம், கையை வாங்க ஏலுமா? நாங்கள் உங்களைப்போன்ற வேதக்கார வீடுகளில் உண்கிற வழக்கமில்லை. கலியாண வீடு என்றால் போவோம், கதிரையில் இருப்போம், சோடா உடைத்துத் தந்தால் குடிப்போம், வருவோம். என் தாய் அப்படி, நானும் அப்படி. உமக்கு வயது முப்பது இல்லை, எனக்கு அறுபது ஆகப்போகிறது. நீர் சமைத்து நான் உண்பது நடக்காத காரியம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உமது குசினியில் பட்டினி இருக்க நான் ஏன் பிளேன் ஏறி வரவேணும்?

உம்மில் எனக்குக் கோபம் இருந்தது உண்மை. இப்போது கோபப்படவும் களைப்பாக இருக்கிறது. கிணற்றில் இரண்டு வாளி அள்ளினால் நாரி பிடித்து நிமிர ஏலாமல் கிடக்கிறது. மாரி நல்லாய்ப் பெய்கிறது, தாழ்வாரம் ஒழுகுகிறது. அங்கே தம்பி என்னத்தைத் தின்கிறான் என்று நான் கேட்கமாட்டேன். நீரும் சொல்லவேண்டாம்.

பல் வருகிற நேரம் வயிற்றோட்டம் வரும். பயப்படவேண்டாம்.

செல்லாச்சி


லண்டன்,
11.1.1976

மாமிக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினியில் இருந்து அழுதேன். இவர் கேட்டதற்கு வெங்காயம் என்று சொன்னேன். உரித்த வெங்காயம் ஒன்றும் அங்கே கிடக்கவில்லை, அவர் அதைப் பார்க்கவுமில்லை.

என் வார்ட்டில் எழும்ப ஏலாத கிழவிமார்தான் அதிகம். இரவில் பயந்து கூப்பிடுவார்கள். நான் தேத்தண்ணீர் ஊற்றி, பிடித்துப் பருக்கிவிடுவேன். "என்ரை பிள்ளைகளைவிட நீ நல்லாய்ப் பாக்கிறாய்" என்று ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டே செத்தா. என் கை எந்தக் கோயிலில் கும்பிட்ட கை என்று அவர்களில் ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள்தான் முதலாவது ஆள்.

அழுது முடியக் கோபம் வந்தது. அந்தக் கோபத்தோடேயே கடைக்குப் போனேன். சரி, என் கைதானே குற்றம், கை படாத சாப்பாடு தேடித் தருகிறேன் பார் என்று. மாமி, இந்த ஊரில் கை படாத சாப்பாட்டுக்குப் பஞ்சமே இல்லை. இயந்திரம் அரைத்து, இயந்திரம் அவித்து, இயந்திரமே மூடி அனுப்புகிறது. பேக்ட் பீன்ஸ் என்று, தக்காளிக் குழம்பில் வெந்த போஞ்சி விதை பேணியில் வருகிறது. திறந்து அப்படியே தின்னலாம், கொஞ்சம் தித்திக்கும், மிளகாய்த்தூள் தூவினால் நல்ல ருசி. அன்னாசியும் பேணியில் இருக்கிறது. கச்சான் கடலையை வெண்ணெய்போல அரைத்துப் போத்தலில் அடைத்திருக்கிறார்கள், பெயரில் வெண்ணெய் என்று இருந்தாலும் உள்ளே கச்சானும் உப்பும்தான். உருளைக்கிழங்குப் பொரியல் பக்கற்றில் வருகிறது, முதல் இரண்டு கம்பனியையும் விட்டு மூன்றாவது கம்பனியின் பக்கற்றை எடுத்தேன், அதுதான் தாவர எண்ணெயில் பொரித்தது. ஓட்ஸ் என்று ஒரு தானியம், தண்ணீரில் காய்ச்சினால் கஞ்சி. அதை நீங்களே காய்ச்சலாம். கறுப்பு மாவில் செய்த தட்டைப் பிஸ்கற் ஒன்றும் உண்டு, கடதாசி மட்டையைக் கடிக்கிறதுபோல, அதை உங்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றையும் வாங்கிவந்து நானே முதலில் தின்று பார்த்தேன். ருசியில்லாததை வயதான ஆளுக்குக் கொடுக்கக்கூடாது.

ஒரு புதுச் சட்டியும் வாங்கிவிட்டேன். கடையில் ஒட்டின கடதாசியைக்கூட உரிக்கவில்லை. தட்டின் மேலே துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். என் கை படாது.

புங்குடுதீவுக் கதிர்காமு அண்ணை ஊருக்கு வருகிறார். அவரிடம் ஒரு பொதி கொடுத்துவிட்டிருக்கிறேன். கச்சான் பசைப் போத்தல், தேங்காய்ப்பூ, அதோடு ஒரு பேணி இஞ்சிப் பிஸ்கற். இந்தப் பிஸ்கற்றைக் கண்டுபிடிக்கத்தான் அதிக நாள் எடுத்தது. மரக்கறிக் கொழுப்பு, சீனி, மா, இஞ்சி என்று இருந்ததை வாசித்ததும் கடைக்குள்ளேயே சிரித்துவிட்டேன், பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரி என்னை ஒரு மாதிரிப் பார்த்தா. தின்று பாருங்கள். பிறகு வரமாட்டேன் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொள்கிறேன்.

மேரிறோஸ்


வேலணை கிழக்கு,
15.2.1976

பிள்ளைக்கு,

கதிர்காமு வெள்ளிக்கிழமை பொதியைக் கொண்டுவந்து தந்தான். சணலை அவிழ்க்கப் பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளையும் வந்து நின்றா. லண்டன் சாமான் என்றால் அவவுக்கு மூக்கில் வேர்த்துவிடும். கச்சான் பசையைக் கொஞ்சம் வழித்துக் கொடுத்தேன். "செல்லாச்சியக்கா, இது எங்கடை கச்சான் அலுவாவுக்குச் சீனி போட மறந்ததுபோல கிடக்கு" என்றா. எனக்குப் பிடித்திருந்தது. மரவள்ளிக் கிழங்கோடு தொட்டுத் தின்றேன்.

இஞ்சிப் பிஸ்கற்றில் ஒன்று தின்றேன். மிச்சத்தைப் பேணியோடு அலுமாரியில் வைத்திருக்கிறேன்.

அந்தப் பிஸ்கற்றை எந்த நேரம் போய் வாங்கினீர்? இரவு முழுக்க முழித்துவிட்டு நேரே கடைக்குப் போகிறீர் என்று எழுதியிருந்தீர். அந்தச் சின்ன எழுத்தெல்லாம் அப்போது கண்ணுக்குத் தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

கை பற்றி நான் எழுதியதற்கு நீர் எழுதியதையும் வாசித்தேன்.

பிள்ளை தவழுகிறாளா? குளிருக்குக் காலுறை போடும்.

செல்லாச்சி


லண்டன்,
14.3.1976

அன்புள்ள மாமிக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமல் விட்டுவிடலாமா என்று ஒரு கிழமையாக யோசித்தேன். எழுதாவிட்டால் எனக்கு நித்திரை வராது. இருக்கிற நித்திரையே கொஞ்சம்.

நீங்கள் கேட்டிருந்தீர்கள், அந்தச் சின்ன எழுத்துக் கண்ணுக்குத் தெரியுமா என்று. உங்கள் கடிதம் வந்த அன்றே கடைக்குப் போய் அதே பேணியைத் திரும்ப எடுத்து வாசித்தேன். மரக்கறிக் கொழுப்பு என்று கண்டதும் சந்தோஷத்தில் நான் அதோடு நிறுத்திவிட்டேன். கடைசி வரியில், உப்புக்குப் பிறகு, இன்னொன்று இருக்கிறது. பால் திரைந்தால் மிஞ்சுமே தெளிந்த தண்ணீர், அதைக் காயவைத்த தூள். பால்தான் மாமி. மா, சீனி, இஞ்சி எல்லாவற்றுக்கும் பின்னால் பால் ஒளிந்துகொண்டிருந்தது.

நீங்கள் ஒன்று தின்றுவிட்டீர்கள். இவரைத் திருப்பித் தந்ததற்காக நீங்கள் நேர்ந்த நேர்த்தியை இவருடைய பெண்சாதியே உடைத்துவிட்டேன். எங்கள் கோயிலில் போய்ப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். சாமியார் "தெரியாமல் செய்தது பாவமில்லை" என்றார். அது அவருடைய கணக்கு, உங்கள் அம்மாளின் கணக்கு எனக்குத் தெரியாது. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். நான் உடைத்தது உண்மையாகவே பொன்குடம். இவருக்கு இன்னும் சொல்லவில்லை. அலுமாரியில் இருக்கிற மிச்சத்தைத் தயவுசெய்து எறிந்துவிடுங்கள்.

இனி உங்களை வரச்சொல்லிக் கேட்கமாட்டேன். எனக்கு வாயில்லை. களைத்தும்போனேன் மாமி. இது எங்களுக்கு ஈஸ்டருக்கு முந்தின தபசுகாலம், நானும் மச்சம் தொடுவதில்லை, உங்களுக்கென்று கண்டுபிடித்த பருப்பையும் தேங்காய்ப்பூவையும்தான் காய்ச்சித் தின்கிறேன், பழைய சட்டியில். நேற்று மனோகரியை மடியில் வைத்து ஊட்டிக்கொண்டே தூங்கிப்போனேன். அவள் நழுவி விழுந்து நெற்றி வீங்கிவிட்டது. பெரிய காயமில்லை. ஆனால் இந்த வேலையை விடத்தான் வேண்டும்போல் இருக்கிறது. விட்டால் இவர் ஒருவர் உழைப்பில் வீட்டு வாடகைக்கே இழுபறி. எப்படியும் பார்த்துக்கொள்வோம்.

மன்னியுங்கள்.

மேரிறோஸ்


வேலணை கிழக்கு,
9.4.1976

என் மருமகள் மேரிறோசுக்கு,

முதலில் பிள்ளையின் நெற்றிக்கு என்ன செய்தீர் என்று எழுதும். நேர்ஸுக்கு நான் சொல்லித்தரத் தேவையில்லை. ஆனாலும் எழுதும்.

பால் இருந்தது எனக்குத் தெரியும்.

கடித்த உடனேயே தெரிந்தது. பதினெட்டு வருஷம் விட்டால் நாக்கு மறந்துவிடும் என்று நினைக்கிறீரா? மறக்காது பிள்ளை. விட்ட சாமானைத்தான் நாக்கு நல்லாய் ஞாபகம் வைத்திருக்கும். வாயில் கிடந்ததைத் துப்பவும் இல்லை, விழுங்கவும் மனமில்லை, இலட்சுமிப்பிள்ளை முன்னால் அப்படியே இருந்தேன். பிறகு விழுங்கினேன். அவ போன பிறகு கடதாசியை எடுத்து, வேண்டுமென்று என்னை ஏமாற்றிவிட்டாய் என்று உமக்கு எழுதத் தொடங்கினேன். பாதியில் உமது கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். கடைக்குள் நின்று சிரித்தேன் என்று எழுதியிருந்தீரே. ஏமாற்றுகிறவள் அப்படிச் சிரிக்கமாட்டாள். அந்தக் கடதாசியைக் கிழித்துவிட்டு, கண்ணுக்குத் தெரியுமா என்று மட்டும் கேட்டேன். உம்மைச் சோதிக்க வேண்டுமென்று கேட்கவில்லை, கேட்காமல் இருக்க ஏலவில்லை.

போன கிழமை உமது கடிதம் வந்தது. பிள்ளை மடியிலிருந்து விழுந்த இடத்தில் வாசிப்பை நிறுத்தினேன். ஒரு பெண் பிள்ளைக்குச் சோறு ஊட்டிக்கொண்டே தூங்கிப்போகிறாள் என்றால் எத்தனை நாள் முழித்திருப்பாள். அந்த நேரத்தில்தான் என் வாய்க்கு என்ன ருசி என்று தட்டுத் தட்டாகத் தேடியிருக்கிறீர். நான் இங்கே இருந்துகொண்டு உமது கையில் குற்றம் கண்டுபிடித்தேன். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

எழும்பிப்போய் அலுமாரியைத் திறந்து இன்னொரு பிஸ்கற்றை எடுத்துத் தின்றேன். முதலாவதைத் தெரியாமல் கடித்தேன். இரண்டாவதைத் தெரிந்துதான் தின்றேன். இனி நீர் உடைத்தீர் என்று எங்கேயும் சொல்லவேண்டாம். உடைத்தது மாமியார், மண்குடம்தான்.

அடுத்த நாள் நயினாதீவுக்குப் போகக் குறிகட்டுவானில் வள்ளம் ஏறினேன். நல்ல காற்று, சீலையெல்லாம் நனைந்துபோனது. ஒரு செம்புப் பாலைக் கொண்டுபோய் அம்மாளுக்குக் கொடுத்துவிட்டு அவவோடு கதைத்தேன். "கேட்டபடி இரண்டு பேரையும் தந்தாய், சொன்னபடி நானும் விட்டேன். ஒருவர் போய்விட்டார். மற்றவன் இனி வரமாட்டான், வந்தாலும் விருந்தாளி மாதிரித்தான் வருவான். இனி நான்தான் போகவேணும். போகிற இடத்தில் என்னைப் பார்க்கிற பெண்ணுக்குக் கண் எரியுதடி, அவளை இன்னும் வாசிக்கச் சொல்ல ஏலாது. நேர்த்தியை முடித்துவிடு" என்றேன். ஐயர் ஒரு அர்ச்சனை செய்யச் சொன்னார், செய்தேன். திரும்பி வருகிறபோது கடல் கொஞ்சம் அடங்கியிருந்தது. அம்மாள் சம்மதித்தாளோ, காற்றுத்தான் விழுந்ததோ, எனக்குத் தெரியாது.

பாலுக்கு இனி நான் ஆசைப்படவில்லை, உமது தேங்காய்ப்பூப் பாலே போதும். மச்சமும் முட்டையும் சாகும்வரைக்கும் இல்லை, மீன் சட்டியை எனக்குக் கிட்டக் கொண்டுவரவும் வேண்டாம். மற்றப்படி எங்கேயாவது ஒரு பிஸ்கற்றில் பால் தூள் கிடந்தால் கிடக்கட்டும். பேணி, பக்கற் ஒன்றும் எனக்கு வேண்டாம், இயந்திரம் சமைத்ததைத் தின்ன நான் ஏன் அவ்வளவு தூரம் வரவேணும்? தம்பியிடம் பிளேன் ரிக்கற்றுக்கு அலுவல் பார்க்கச் சொல்லும். வீட்டை இலட்சுமிப்பிள்ளை பார்த்துக்கொள்ளுவா.

கடைசியாக ஒன்று. தட்டின் மேலே துணியில் சுற்றி வைத்திருக்கிற அந்தப் புதுச் சட்டியை இறக்கும். ஒட்டின கடதாசியை உரித்துவிட்டு இன்றைக்கே அதில் பருப்புக் காய்ச்சிப் பிள்ளைக்கு ஊட்டி நீரும் தின்னும். நான் வந்து சேரமுதல் அந்தச் சட்டியில் உமது கை நல்லாய்ப் பட்டிருக்கவேணும்.

அன்புள்ள மாமி,
செல்லாச்சி